72,000 ரூபாய், ஆறாவது தட்டு: சேலத்தில் பழைய சிந்தசைசர் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். 72,000 ரூபாய். அதில் 40,000 அம்மா எடுத்த ஏலச்சீட்டுப் பணம். மீதி 32,000 நான் இரண்டு வருடமாகக் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துச் சேர்த்தது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சேலத்தில் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் கடை, அவ்வளவுதான்.

வாங்கியது ரோலண்ட் ஜூனோ-106 என்ற சிந்தசைசர், அதாவது மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கீபோர்டு. 1984-இல் வந்த கருவி. 61 கட்டைகள், ஆறு குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள் ஒலிக்கும். லேப்டாப்பில் பிளக்இன், அதாவது கருவியின் ஒலியைத் தரும் மென்பொருள், இருக்கும்போது இது எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இதே ஜூனோவை ரோலண்ட் நிறுவனமே மென்பொருளாகவும் விற்கிறது. சர்ஜ் எக்ஸ்டி, டெக்செட் (Dexed) போன்ற பிளக்இன்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் மெட்டுப் போட எனக்கு அவை போதும். மேடைதான் சிக்கல். போன ஆடியில் கோயில் கச்சேரியின் நடுவே லேப்டாப் உறைந்து நின்றது. திணறாமல் இருக்கட்டும் என்று பஃபரை (லேப்டாப் ஒலியை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் அளவை) 512 சாம்பிளுக்கு உயர்த்தினால், விரல் அழுத்தி ஏறக்குறைய 12 மில்லி விநாடி கழித்துத்தான் ஒலி பிறக்கிறது. தாளத்தோடு சேர்ந்து வாசிப்பவனுக்கு அது தெரியும். திரை வேண்டாம், மவுஸ் வேண்டாம், கையால் தள்ளினால் ஒலி மாற வேண்டும். அந்த ஆசையில்தான் போனேன்.

கடைக்காரர் நன்றாகப் பேசினார். டீ வரவழைத்தார். தாமும் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் இருந்தவர் என்றும், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் வாசித்திருக்கிறேன் என்றும் சொன்னார். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் உறைபோட்டு வைத்திருந்த கருவி, கை படாதது என்றார். ஒலியை விரித்துக் காட்டும் கோரஸ் பொத்தானை அழுத்தி, மூன்று விரலால் ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பிடித்தார். அறையே நிறைந்தது. உடல் சிலிர்த்துவிட்டது எனக்கு. "தம்பி, இதைக் கலைஞன் கையில்தான் கொடுப்பேன். வியாபாரிக்குக் கொடுக்க மாட்டேன்" என்று தோளில் கை வைத்தார். பில் கேட்டேன். "பில் போட்டால் வரி சேரும் தம்பி, உங்களுக்குத்தானே நஷ்டம்?" என்றார். நான் தலையாட்டினேன். 40,000 ரொக்கமாக, 32,000 மொபைலில். கருவி ஜப்பானின் 100 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தது என்பதால் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரும் கொடுத்தார்.

அம்மாபேட்டையில் பகலெல்லாம் தறிச் சத்தம். இரவு பத்து மணிக்கு மேல்தான் ஹெட்போன் போட்டு உட்கார்ந்தேன். கட்டைகளுக்குக் குரல்களைப் பங்கிடும் முறைகளில் பாலி 2-இன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாலி 1-க்கு மாற்றி ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டே போனேன். முதல் நான்கு தட்டும் சுத்தம். ஐந்தாவதில் எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம், பிறகு ஒன்றுமில்லை. ஆறாவது சுத்தம். மறுபடி எண்ணினேன். அந்த ஐந்தாவது தட்டுக்குப் பிறகு ஒவ்வொரு ஆறாவது தட்டுக்கும் அதே வெடிப்பு, அதே மௌனம்.

காரணம் இதுதான். ஜூனோ-106-இல் குரலுக்கு ஒன்றாக ஆறு சில்லுகள் இருக்கின்றன. 80017ஏ என்று பெயர். அவற்றின் மேல் பூசிய பிசின் காலப்போக்கில் கெட்டு, சில்லையும் கெடுத்துவிடும். இந்தக் கருவியின் ஊரறிந்த வியாதி அது. பாலி 1-இல் ஒவ்வொரு தட்டுக்கும் முறை அடுத்த குரலுக்குப் போகும். பாலி 2-இல் முதல் குரல்களே திரும்பத் திரும்ப வரும். அவர் பாலி 2-இல் வைத்து, மூன்று விரலுக்கு மேல் வைக்காமல் வாசித்தார். ஐந்தாவது குரலுக்கு முறையே வரவில்லை. தெரியாமல் நடந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மறுநாள் காலை போன் செய்தேன். "புது இடம், இரண்டு நாள் ஓடட்டும் தம்பி." இரண்டு நாள் கழித்து, "உங்கள் வீட்டு வோல்டேஜ் சரியில்லை." அவர் கொடுத்த டிரான்ஸ்பார்மர்தானே? பிறகு மெக்கானிக் ஈரோடு போயிருக்கிறார். பிறகு போனை எடுக்கவே இல்லை. நேரில் போனால் கடைப் பையன், "அண்ணன் ஏற்காடு போயிருக்கிறார்" என்றான். மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே பதில். நான்காவது முறை பிடித்தேன். முகம் மாறிவிட்டது. "நாற்பது வருடப் பழைய சாமானுக்கு யாரப்பா கேரண்டி கொடுப்பார்கள்? வேண்டுமானால் 25,000-க்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்." 72,000 வாங்கிய வாய் அது.

பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்ததும் விரலை வைத்துக் காட்டினார். ஐந்தாவது சில்லின் காலில் மட்டும் சால்டர் புதிதாகப் பளபளத்தது. சுற்றிலும் துடைக்காத பிசுக்கு. மற்ற ஐந்தும் மங்கிக் கிடந்தன. "யாரோ கழற்றிப் பார்த்து, முடியாமல் திரும்ப வைத்திருக்கிறார்கள் தம்பி" என்றார். கை படாத கருவி என்றாரே, அது இதுதான். மாற்றுச் சில்லை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும்.

பழைய சிந்தசைசர் வாங்கும் வழிமுறை முழுவதையும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது கை ஓடவில்லை. இவ்வளவு மட்டும்: ஜூனோ-106 என்றால் கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே ஸ்விட்சைப் போடுங்கள். எந்தக் குரல் ஒலிக்கிறது என்று எண் காட்டும், ஆறையும் கேளுங்கள். அரை மணி நேரம் சூடேறவிட்டு மறுபடி கேளுங்கள். நீங்களே வாசியுங்கள், விற்பவர் வாசிப்பதைக் கேட்டுப் பணம் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பிளக்இன் என்றால் பெரும்பாலும் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்த்த பிறகுதான் காசு. அந்த அவகாசத்தைக் கடையிலும் கேட்டு வாங்குங்கள்.

32,000-க்கு வங்கியில் பதிவு இருக்கிறது. அம்மாவின் 40,000-க்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. திங்கட்கிழமை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். சீட்டுக்கு இன்னும் எட்டு மாதத் தவணை பாக்கி இருக்கிறது.