பூத்தின் தரைக் கம்பிவலையைத் தூக்கிப் பாருங்கள், பராமரிப்புத் தாளை நம்பாதீர்கள்

சென்னையில் டிங்கரிங், பெயிண்டிங் கடை வைத்திருப்பவர்கள், அதிலும் ஸ்ப்ரே பூத்துக்கு (காருக்குப் பெயிண்ட் அடிக்கும் மூடிய அறைக்கு) ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு முறை உங்கள் பூத்துக்குள் போய்வாருங்கள். எங்கள் கடை அம்பத்தூர் பக்கம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேலை குவிந்தபோது, திறந்த ஷெட்டில் பெயிண்ட் அடிப்பதை நிறுத்திவிட்டு முறையான பூத் ஒன்று போட்டோம். விற்றவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். பெயரை எழுத முடியாது, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. அவர்கள் செய்த வேலையை எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

கொட்டேஷனில் எல்லாம் இருந்தது. கூரை ஃபில்டர் வழியாகக் காற்று இறங்கி, காரைச் சுற்றிக் கீழே போய், தரைக் கம்பிவலைக்கு அடியில் இருக்கும் கண்ணாடி இழை ஃபில்டரில் பெயிண்ட் துகளை விட்டுவிட்டு, எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும். கிளியர் கோட்டை, அதாவது கடைசியில் மேலே அடிக்கும் நிறமில்லாப் பளபளப்புப் பூச்சைக் காய வைக்க டீசல் பர்னர். ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார், அதாவது உள்ளே பொறி வந்தாலும் வெளியே இருக்கும் ஆவிக்குத் தீயைக் கடத்தாத மோட்டார். ஃபேன் ஓடாவிட்டால் பர்னரும் பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னுக்குப் போகும் காற்றும் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு இணைப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆள் வந்து ஃபில்டர் மாற்றி, எல்லாவற்றையும் சோதித்துத் தாளில் டிக் அடித்துத் தருவார். தாள்கள் இன்னும் என் கோப்பில் இருக்கின்றன. டிக் இல்லாத கட்டம் ஒன்றுகூட இல்லை.

கிளியர் கோட்டில் தூசிப் பொட்டுகள் வர ஆரம்பித்தபோது முதல் புகார் கொடுத்தோம். மழைக்காலம், காற்றில் ஈரம் என்றார்கள். ஈரம் இருந்தால் பெயிண்ட் வெளுக்கும், கொப்புளம் வரும், தூசி எப்படி வரும் என்று எங்கள் பெயிண்டர் கேட்டார். கன் அழுத்தத்தைக் குறையுங்கள் அண்ணே என்று பதில் வந்தது. இந்தத் தொழிலில் குறை எங்கே இருந்தாலும் பழி கடைசியில் பெயிண்டரின் கையில்தான் வந்து விழும்.

பிறகு பெயிண்டருக்கு இருமல் வந்தது. பகலில் தொந்தரவு இருக்காது, இரவில் நெஞ்சு இறுகும். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையென்றால் நன்றாக இருப்பார். நெஞ்சு நோய் மருத்துவர் முதலில் கேட்டதே என்ன பெயிண்ட் அடிக்கிறீர்கள் என்றுதான்.

இன்று நாம் அடிக்கும் டூ-கே, அதாவது இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் கிளியர் கோட், பிரைமர் பெரும்பாலானவற்றின் ஹார்டனரில் (பெயிண்டை இறுக வைக்கக் கலக்கும் திரவத்தில்) ஐசோசயனேட் இருக்கிறது. தொழில்வழி ஆஸ்துமாவுக்குப் பெயர்போன வேதிப்பொருள் அது. ஒரு முறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும், மூச்சு திணறும். மூச்சுத் தொந்தரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு தொடங்குவதும் உண்டு, அதனால் பலர் இதைச் சளி என்று விட்டுவிடுகிறார்கள். வாசனை வரவில்லையே என்று தேற்றிக்கொள்ளவும் முடியாது. தின்னர் மூக்கைத் துளைக்கும், ஐசோசயனேட் ஆபத்தான அளவில் இருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. கரி கார்ட்ரிட்ஜ் முகமூடியை இதற்கு நம்பக்கூடாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாய் வழியே வரும் முகமூடிதான் வேண்டும்.

எங்கள் பெயிண்டரிடம் அந்த முகமூடி இருந்தது, போட்டும் இருந்தார். ஆனால் ஒவ்வொரு கோட் முடிந்ததும் முகமூடியின் கண்ணாடியைத் தூக்கி வேலையைப் பார்ப்பார். அரை நிமிடத்தில் புகை முழுவதும் போய்விடும், தைரியமாகத் தூக்கலாம் என்று பூத்தை நிறுவிய நாளில் சொல்லிக் கொடுத்தது அதே கம்பெனி ஆள்தான்.

அதன் பிறகு கார் டீலர் ஒர்க்‌ஷாப்புகளில் பூத் வேலை பார்க்கும் வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தோம். அவர் மின் பேனல் பக்கம் போகவே இல்லை, நேராகத் தரைக் கம்பிவலையைத் தூக்கினார். கீழே ஃபில்டர் வெள்ளையாக, புதிதாகத் தெரிந்தது. ஒரு மூலையைப் பிடித்துப் புரட்டினார். அடிப்பக்கம் வறட்டிபோல் இறுகிக் கிடந்தது. அந்த இழை ஃபில்டருக்குப் பெயிண்ட் வந்து படும் பக்கம் தளர்வாகவும், காற்று வெளியேறும் பக்கம் நெருக்கமாகவும் இருக்கும். பெயிண்ட் ஏறிய பக்கத்தைக் கீழே தள்ளி, சுத்தமான பக்கத்தை மேலே திருப்பிப் போட்டுவிட்டு, “மாற்றப்பட்டது” என்று தாளில் எழுதியிருக்கிறார்கள். புது ஃபில்டருக்குத் தனியாக பில் போட்டுப் பணமும் வாங்கியிருக்கிறார்கள். இத்தனை மூளையை நல்ல வழியில் செலவழித்திருந்தால் நல்ல பூத்தே செய்திருக்கலாம்.

அழுத்தமானியின் ரப்பர் குழாயும் பின்னால் பிடுங்கிக் கிடந்தது. ஃபில்டர் அடைக்க அடைக்க அந்த ஊசி ஏற வேண்டும். குழாய் இல்லாததால் ஊசி அசையவே இல்லை. “ஊசி கீழே இருக்கிறது பாருங்கள், ஃபில்டர் சுத்தம்” என்று ஒவ்வொரு முறையும் எங்களுக்குக் காட்டியது இதைத்தான்.

பேனலைத் திறந்தபோது அவர் முகம் மாறியது. காற்று ஓடாவிட்டால் பர்னரை நிறுத்த வேண்டிய காற்றழுத்தச் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்திருந்தார்கள். அடைத்த ஃபில்டரால் பர்னர் அடிக்கடி நின்றது. ஃபில்டரை மாற்றுவதற்குப் பதில் சுவிட்சை ஏமாற்றிவிட்டார்கள். அதாவது ஃபேன் நின்றாலும் பர்னர் எரியும். எக்ஸாஸ்ட் மோட்டாரில் ஃபிளேம்ப்ரூஃப் என்று ஒரு ஸ்டிக்கர், உள்ளே இருந்தது சாதாரண மோட்டார். தின்னரில் இருக்கும் டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவு ஆவி விடும். நம் ஊர் மார்கழிக் குளிரில்கூட அது தூங்காது. அந்த ஆவி போகும் பாதையில் பொறி விடக்கூடிய மோட்டார். எர்த் ஒயரோ பேனல் திருகோடு முடிந்துவிட்டது, தரையில் இருக்கும் எர்த் குழிவரை போகவில்லை.

அவர் சொன்ன ஒரு சோதனையை எல்லோரும் செய்யலாம், செலவு அதிகம் ஆகாது. கல்யாண மேடைக்கு வாடகைக்குக் கிடைக்கும் புகை இயந்திரத்தைக் கொண்டுவந்து, பூத்தைப் புகையால் நிரப்பி, கதவை மூடி, ஃபேனைப் போட்டு, கடைசிப் புகை மறையும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். ஒழுங்கான பூத்தில் 5 நிமிடத்துக்குள் போய்விடும். வந்த நேரத்தைக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், கன்னை நிறுத்திய பிறகு அத்தனை நேரம் முகமூடியைத் தூக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியும் பெயிண்ட் மூட்டம் போன பிறகும் நுண்துளி காற்றில் நிற்கும். எங்கள் பூத்தில் 15 நிமிடம் கடந்தும் மூலைகளில் புகை சுழன்றது. கதவு இடுக்கு வழியாகக் கடைக்குள்ளும் வந்தது. உள்ளே அழுத்தம் சற்றுக் குறைவாக இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், இங்கே தலைகீழ். பக்கத்தில் பட்டி தேய்க்கும் பையன்களும் முகமூடி இல்லாமல் அதைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனியிடம் போட்டோக்களைக் காட்டியபோது முதலில் மறுத்தார்கள், பிறகு எங்கள் ஆட்களே ஒயர் போட்டிருப்பார்கள் என்றார்கள், கடைசியில் ஒரு செட் ஃபில்டர் இலவசமாகத் தருகிறோம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். நீங்கள் வியாபாரி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று ஒரு மிரட்டலும் வந்தது. இதைக் கேட்டுப் பலர் பயந்துவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குகிறது என்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. சிறு கடைக்காரர்கள் வக்கீலிடம் இதைக் கேளுங்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

இனி வாங்கப் போகிறவர்கள், பணத்தில் ஒரு பகுதியைப் புகைச் சோதனை முடியும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கும் விளக்குகளுக்கும் தன்பாத்தில் இருக்கும் மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி ஆய்வகத்தின் சோதனை அறிக்கை, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோவின் (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின்) ஒப்புதல் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். அதில் இருக்கும் மாடலும் மோட்டாரின் உலோகத் தகட்டில் இருக்கும் மாடலும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஸ்டிக்கருக்கு மதிப்பில்லை. எக்ஸாஸ்ட் குழாய் எங்கே முடிகிறது என்று கூரையில் ஏறிப் பாருங்கள், எங்களுடையது புதுக்காற்று உள்ளே போகும் வாய்க்குப் பக்கத்திலேயே முடிந்திருந்தது. போன காற்றே திரும்பி வந்துகொண்டிருந்தது.

பராமரிப்புக்கு ஆள் வரும்போது உங்கள் ஆள் ஒருவர் கூடவே நிற்கட்டும். புது ஃபில்டரின் ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதி, இரு பக்கத்தையும் போட்டோ எடுத்த பிறகு போடச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஃபில்டரை அவர்கள் எடுத்துப் போக விடாதீர்கள், எண்ணி வாங்குங்கள். வாங்கியதை மூட்டையாகக் கட்டி மூலையில் போடவும் வேண்டாம், பெயிண்ட் ஏறிய ஃபில்டர் குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள இரும்பு டிரம்மில் தண்ணீரில் மூழ்க வையுங்கள். மாநகராட்சிக் குப்பைத்தொட்டியில் அதைப் போடக்கூடாது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.