“சோதித்தது, நன்றாக ஓடுகிறது” என்று விற்கப்படும் ஐரிஷ் மாடல் என்ஜின்கள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: “071 வகுப்பு டீசல், ஓஓ கேஜ், பெட்டியுடன். ஒலி டிகோடர் பொருத்தியது. சோதித்தது, நன்றாக ஓடுகிறது.” டிகோடர் என்பது தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சிப்; ஒலி டிகோடர் என்றால் என்ஜின் சத்தமும் எழுப்பும். ஓஓ கேஜ் என்பது மாடலின் அளவு. விலை 180 பவுண்டு, தபால் செலவு 15. விற்றது இங்கிலாந்தில் உள்ள பழைய மாடல் கடை. இதே வேலையைச் செய்வது அந்த ஒரு கடை மட்டும் இல்லை என்பதால் பெயர் வேண்டாம். வாங்கியவர் அயர்லாந்தின் கார்க் நகரில் பார்சலைப் பிரித்தபோது ஒலி டிகோடர் இல்லை. அதன் இடத்தில் மலிவான சாதா டிகோடர். ஸ்பீக்கர் ஒயர் இரண்டும் நறுக்கப்பட்டிருந்தன. ஓர் ஆக்சிலின் கியர் வெடித்து, அதில் பசை. பெட்டியின் லேபிளில் ஓர் எண், என்ஜின் மேல் வேறோர் எண். புகார் சொன்னதற்கு வந்த பதில்: “பாடியைக் கழற்றிவிட்டீர்கள், இனி எங்கள் பொறுப்பில்லை.” வாசலில் கட்டிய வாட் வரி தனி.

ஐரிஷ் ரயில் மாடல் வாங்குபவர்கள் இதில் சுலபமாக மாட்டுவதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் மாடல்கள் போல ஐரிஷ் மாடல்கள் வருடந்தோறும் வருவதில்லை. மர்ஃபி மாடல்ஸ், ஐரிஷ் ரெயில்வே மாடல்ஸ் போன்ற ஓரிருவர் அவ்வப்போது ஒரு தொகுதி போடுவார்கள். தீர்ந்துவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. தேடிய எண் கண்ணில் பட்டதும் கை தானாக ‘வாங்கு’ பட்டனுக்குப் போகிறது. விற்பவருக்கும் அது தெரியும்.

முதலில் எண்ணைப் பாருங்கள். அயர்லாந்தின் நிஜ ரயில்களில் 071 வகுப்பு டீசலில் ஓடியவை 18 என்ஜின்கள், 071 முதல் 088 வரை. அதே ரகத்தில் வட அயர்லாந்து ரயில்வேயிடம் இருந்தவை 111, 112, 113. 141 வகுப்பு 141 முதல் 177 வரை. 181 வகுப்பு 181 முதல் 192 வரை. 201 வகுப்பு 201 முதல் 234 வரை. இந்த வகுப்புகளில் வரிசைக்கு வெளியே ஓர் எண்ணை “அரிய பதிப்பு” என்று யாராவது விற்றால், அது யாரோ வீட்டில் ஒட்டிய எண்ணாக இருக்கலாம். வரிசைக்குள் இருந்தாலும் பெட்டி லேபிளோடு ஒத்துப்போக வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: கம்பெனியில் அச்சிட்ட எண்ணின் விளிம்பு கூர்மையாக, பெயின்ட்டோடு ஒட்டி இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டீக்கல் என்றால் எழுத்தைச் சுற்றி மெல்லிய படலத்தின் ஓரம், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பளபளக்கும். இரண்டு நிறம் சேரும் இடத்தில் விரல் நகத்தால் தடவினால் மேடு தட்டுப்பட்டால் அது டேப் ஒட்டி அடித்த பெயின்ட். எண் மாற்றுவது குற்றமில்லை, பலர் அழகாகவே செய்கிறார்கள். மாற்றியதை மறைத்து முழு விலை கேட்பதுதான் ஏமாற்று.

அடுத்தது டிகோடர். இந்தத் தொழிலில் காசு எளிதாகப் பறிபோகும் இடம் இதுதான், ஏனென்றால் அது பாடிக்குள் ஒளிந்திருக்கிறது. நல்ல ஒலி டிகோடர் தனியாக வாங்கினாலே நூறு யூரோவைத் தாண்டும். சாதா டிகோடர் அதில் கால்பங்குக்குக் கிடைக்கும். டிகோடரைச் செருக 21 பின் சாக்கெட் உள்ள என்ஜினில் ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் செருக அரை நிமிடம் போதும். விளக்கு எரியும், மோட்டார் ஓடும், “டிகோடர் பொருத்தியது” என்ற வாசகமும் பொய்யாகாது.

விற்பவரிடம் கேட்க வேண்டியது மூன்று. பாடியைக் கழற்றி, டிகோடர் சிப்பும் ஸ்பீக்கரும் ஒரே படத்தில் தெரியும் புகைப்படம். புரோகிராமிங் டிராக்கில் (டிகோடரின் அமைப்புகளை வாசிக்கவும் மாற்றவும் உதவும் தனித் தண்டவாளம்) வைத்து சிவி 8 என்ற அமைப்பை வாசிப்பதைக் காட்டும் வீடியோ: அது டிகோடர் தயாரிப்பாளரின் எண்ணைக் காட்டும், ஈஎஸ்யூ என்றால் 151, ஜிமோ என்றால் 145. மூன்றாவது, என்ஜின் நின்ற நிலையில் ஒலி எழுப்பி, அப்படியே நகர்ந்து போகும் வீடியோ, நடுவில் வெட்டாமல். சிவி 8 மட்டும் போதாது. ஒரே கம்பெனியின் ஒலி டிகோடரும் சாதா டிகோடரும் அதே எண்ணைத்தான் காட்டும். அதை மட்டும் அனுப்பிவிட்டு “பார்த்தீர்களா, ஈஎஸ்யூதான்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

21 பின்னில் இன்னொரு சிக்கல், இதில் ஏமாற்று இல்லாமலும் காசு போகும். கூடுதல் விளக்குகளுக்கான ஆக்ஸ் 3, ஆக்ஸ் 4 வெளியீடுகள் சில டிகோடரில் முழு மின்னோட்டம் தருபவை, சிலவற்றில் வெறும் சிக்னல் மட்டும் தருபவை. என்ஜின் போர்டு எதற்காக வடிவமைக்கப்பட்டதோ அதற்கு எதிரானதைச் செருகினால் கேபின் விளக்கோ பின்விளக்கோ எரியாது. கடைக்காரர் “போர்டு போய்விட்டது” என்று புது போர்டு விற்கப் பார்ப்பார். முதலில் டிகோடரின் குறிப்பேட்டைப் பாருங்கள்; ஜிமோவில் எண்ணின் கடைசியில் வரும் சி, டி எழுத்துகளே இந்த வேறுபாட்டைச் சொல்லும். சாக்கெட்டில் 11-வது பின் இருக்காது, டிகோடரில் அந்த ஓட்டை அடைபட்டிருக்கும். தலைகீழாகச் செருகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அழுத்திச் செருக வேண்டி வந்தால் நிறுத்திவிட்டுப் பின்களை எண்ணுங்கள்.

கியர் விஷயம். ஆக்சிலின் நடுவில் உள்ள பிளாஸ்டிக் கியர் உலோக அச்சின் மேல் இறுக்கமாக ஏற்றப்பட்டது. அந்த இறுக்கம் வருடக்கணக்கில் கியரை உள்ளிருந்து இழுத்துக்கொண்டே இருப்பதால், ஒரு நாள் இரண்டு பல்லுக்கு நடுவே கீறல் விடும். கீறிய இடத்தில் பல் இடைவெளி அகன்றுவிடும். அந்த இடம் பக்கத்துக் கியரோடு சேரும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம், லேசாக ஒரு குலுக்கல். ஓஓ அளவில் 071-இன் சக்கரச் சுற்றளவு சுமார் 42 மில்லிமீட்டர். மெதுவாக ஓடவிட்டு ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள்: 42 மில்லிமீட்டருக்கு ஒரு டிக் என்றால் ஆக்சில் கியர் வெடித்திருக்கிறது. அதைவிட அடிக்கடி கேட்டால் போகிக்குள் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) இருக்கும் சின்னக் கியர் ஒன்றில் பல் உடைந்திருக்கும், அல்லது தண்டவாளக் கல்தூள் மாட்டியிருக்கும்.

வேகமாக ஓட்டினால் இந்தச் சத்தம் காதில் விழாது. “சோதித்த” வீடியோக்களில் என்ஜின் பறப்பது அதனால்தான். நடைவேகத்தில், முன்னும் பின்னும் ஒவ்வொரு மீட்டர் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வெடித்த கியரைப் பசை காப்பாற்றாது. நைலானிலும் அசிட்டலிலும் சூப்பர் குளூ பிடிக்காது, பார்சல் வீடு வந்து சேரும் வரை நின்றால் பெரிது. சரியான வழி, சக்கரத்தோடு சேர்த்து முழு ஆக்சிலை மாற்றுவது. தனிக் கியர்தான் கிடைத்தது என்றால் அதன் துளையை மிக லேசாக ரீமர் (துளையை அகலப்படுத்தும் கருவி) விட்டு, இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் அதுவும் வெடிக்கும். சக்கரத்தைத் திரும்ப அழுத்தும்போது உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் 14.5 மில்லிமீட்டர் வர வேண்டும். காலிப்பர் வைத்து மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மூன்றும் ஒத்துவரவில்லை என்றால் சக்கரம் கோணலாக ஏறியிருக்கிறது. இந்த அளவு குறைந்தால் பாயின்ட் (தண்டவாளம் பிரியும் இடம்) கடக்கும்போது சக்கரம் காவல் தண்டவாளத்தில் ஏறிக் குதிக்கும், குற்றம் பாயின்ட் மேல் விழும்.

“முழு சர்வீஸ் செய்தது” என்ற வாசகத்துக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் அதற்கு அர்த்தம் எண்ணெய் ஊற்றியது. சக்கரத்தின் ஓடுபரப்பை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கறை வந்தால் அது மின்சாரம் எடுக்கும் தகடுகளிலும், மோட்டாரின் கம்யூட்டேட்டரிலும் போயிருக்கும். அங்கே எண்ணெய் கரியோடு சேர்ந்து குழம்பாகும், என்ஜின் திக்கித் திக்கி ஓடும். 99 சதவீத ஐசோபிரப்பைல் ஆல்கஹாலைக் குச்சிப் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை இதில் கொண்டுவராதீர்கள். ஆக்சில் முனைக்கும் மோட்டார் பேரிங்குக்கும் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெய், ஊசி முனையில் நிற்கும் அளவு போதும். துடைத்த பிறகு டிகோடரை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் டிசிக்கான வெற்றுப் பிளக்கைச் செருகி, சாதா 12 வோல்ட் டிசியில் அரை வேகத்தில் இரு திசையிலும் அரை மணி நேரம் ஓட்டி, மீட்டரைப் பாருங்கள். சுமையில்லாத நல்ல என்ஜின் கால் ஆம்பியர் அளவில் எடுக்கும். ஓட ஓட மின்னோட்டம் ஏறிக்கொண்டே போனால் உள்ளே எங்கோ இறுகுகிறது. அப்படியே டிகோடரைச் செருகினால் டிகோடர்தான் கருகும்.

இறுகுவதற்குப் பழைய மாடல்களில் இன்னொரு காரணம் இருக்கலாம்: வார்ப்புச் சேசிஸ் அழுகல். துத்தநாகக் கலவையில் ஈயமோ தகரமோ துளி கலந்துவிட்டால் வருடம் போகப் போக உலோகம் உள்ளேயே அரித்து, உப்பி, வளையும். ஈரம் இதை வேகப்படுத்தும். அயர்லாந்தில் கராஜிலும் பரணிலும் வைத்திருந்தவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். என்ஜினைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்தால் எல்லா ஆக்சிலின் சக்கரங்களும் தொட வேண்டும். பாடியைக் கழற்ற முடியாதபடி பிடித்திருந்தாலோ, சேசிஸ் ஓரத்தில் முடிபோன்ற வெடிப்பு இருந்தாலோ வாங்காதீர்கள். இதற்கு வைத்தியமில்லை.

இனி காசுக் கணக்கு. 2021 ஜனவரி முதல் பிரிட்டனிலிருந்து அயர்லாந்துக்கு வருவது இறக்குமதி. பழைய சரக்கும் விலக்கில்லை. தபால் செலவையும் சேர்த்து 23 சதவீத ஐரிஷ் வாட். மேலே சொன்ன என்ஜினுக்கு 195 பவுண்டின் மேல் 44.85, மொத்தம் 239.85, கொண்டுவந்து தருபவரின் கையாளும் கட்டணம் தனி. புதுச் சரக்கில் வேறு கோளாறு நடக்கிறது: 180 பவுண்டு என்பது 20 சதவீத பிரிட்டிஷ் வாட் சேர்ந்த விலை. ஏற்றுமதிக்கு அதைக் கழித்து 150 என்று பில் போட வேண்டும். அப்படிச் செய்தால் தபாலோடு 165, ஐரிஷ் வாட் 37.95, மொத்தம் 202.95. கழிக்காமல் அனுப்பும் கடையில் நீங்கள் வரிக்கு மேல் வரி கட்டுகிறீர்கள், கிட்டத்தட்ட 37 பவுண்டு. பழைய சரக்கில் கடைக்காரர் தன் லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் முறை இருப்பதால், அங்கே இந்தக் கழிவைக் கேட்க முடியாது.

150 யூரோவுக்குள் இருக்கும் பொருளுக்குக் கடையே ஐ.ஓ.எஸ்.எஸ். முறையில் ஐரிஷ் வாட்டை முன்கூட்டி வாங்கலாம். வாங்கிக்கொண்டு, பார்சலின் மின்னணு விவரத்தில் அந்த எண்ணைச் சேர்க்காமல் விட்டால் வாசலில் இரண்டாவது முறை கேட்பார்கள். பில்லில் வாட் தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சேமித்து வையுங்கள். “பரிசு என்று எழுதி 20 பவுண்டு போட்டுவிடுகிறேன்” என்று சொல்பவரை நல்லவர் என்று நினைக்காதீர்கள். பரிசு விலக்கு தனிநபர் தனிநபருக்கு இலவசமாக அனுப்பும் 45 யூரோவுக்குட்பட்ட பொருளுக்கு. அதோடு பார்சல் தொலைந்தால் நஷ்டஈடும் அந்த 20-ஐ வைத்துத்தான். பெல்ஃபாஸ்ட் கடையிலிருந்து வந்தால் சுங்கம் இல்லை. ஆனால் முகவரி பெல்ஃபாஸ்ட், சரக்கு கிளம்புவது இங்கிலாந்து என்று இருக்கும் கடைகளும் உண்டு, எங்கிருந்து அனுப்புவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் செய்ய வேண்டியது: பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ. குறையை எழுத்தில் சொல்லுங்கள், போனில் வேண்டாம். பாடியைக் கழற்றும் முன் ஓட்டிப் படம் எடுங்கள். டிகோடர் பொருத்தக் கழற்றியே ஆக வேண்டிய பொருளில் “கழற்றிவிட்டீர்கள்” என்ற சாக்கு நிற்காது என்றாலும், வாதத்துக்கு இடம் ஏன். அயர்லாந்துக் கடை என்றால் 2022 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம்; தராவிட்டால் 25 யூரோ கட்டி மாவட்ட நீதிமன்றத்தின் சிறு உரிமைக்கோரல் பிரிவுக்குப் போகலாம், உச்சவரம்பு 2,000 யூரோ. பிரிட்டன் கடை என்றால் நடைமுறையில் உங்கள் ஆயுதம் கார்டு கொடுத்த வங்கியின் சார்ஜ்பேக்தான், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பக் கேட்பது. பேபால் என்றால் 180 நாள் அவகாசம். “நண்பர், குடும்பம்” என்ற வகையில் அனுப்பியிருந்தால் அதுவும் இல்லை. வங்கிப் பரிமாற்றம் கேட்கும் விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம்.

பணம் திரும்பி வந்தாலும் வாட் தானாகத் திரும்பாது. பார்சல் மேல் ஒட்டியிருந்த சுங்க லேபிள், வரி கட்டிய ரசீது, திருப்பி அனுப்பிய தபால் சான்று, கடை பணம் தந்ததற்கான ஆதாரம், இந்த நான்கோடு அயர்லாந்து வரித்துறையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். திருப்பி அனுப்பும் பார்சலின் சுங்கப் படிவத்தில் ‘திரும்பும் சரக்கு’ என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். விற்பனை என்று விட்டால் அந்தப் பக்கம் வரி போட்டு, கடை பார்சலை வாங்க மறுத்துவிடும்.