எடின்பரோ வினாத்தாளும் மன உளைச்சல் வெப்பமானியும்: ஒரு மதிப்புரை

மகப்பேறு மருத்துவமனைகளில் மனச்சோர்வின் அறிகுறிகளை அறியப் பயன்படும் எடின்பரோ வினாத்தாளையும் புற்றுநோய்ப் பிரிவுகளில் மன உளைச்சலின் அளவை அறியப் பயன்படும் மன உளைச்சல் வெப்பமானியையும் சேர்த்து மதிப்பிடக் காரணம் உண்டு. தூக்கமின்மை, சோர்வு, பசியின்மை ஆகியவற்றை வைத்து மனச்சோர்வைக் கணிக்கும் பொதுவான அளவுகோல்கள், மசக்கையால் சாப்பிட முடியாத கர்ப்பிணியையும் கீமோதெரபியால் ஓய்ந்துபோன நோயாளியையும் மனச்சோர்வு உள்ளவர்களாகக் காட்டிவிடக்கூடும். அதற்கு அஞ்சி, 'இந்த நேரத்தில் இதெல்லாம் சகஜம்தான்' என்று அந்த அறிகுறிகளை ஒதுக்கினாலோ, உண்மையிலேயே மனம் உடைந்திருப்பவர் கண்ணில் படாமலே போய்விடுவார்.

ஜான் காக்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1987இல் வெளியிட்ட எடின்பரோ வினாத்தாள் இந்தச் சிக்கலை மிக நேர்த்தியாகக் கையாள்கிறது. கடந்த 7 நாள்களைப் பற்றி 10 கேள்விகள். மொத்தம் 30 மதிப்பெண். 'தூக்கம் வருகிறதா?' என்று அது கேட்பதில்லை; தூங்க முடியாத அளவுக்கு வருத்தமாக இருந்ததா என்றுதான் கேட்கிறது. குழந்தை அழுது விழித்திருந்த இரவையும் மனம் கனத்து விழித்திருந்த இரவையும் பிரித்துக் காட்ட இந்த ஒரு கேள்வியே பெரிதும் உதவுகிறது. தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அவரை அன்றே தனியாக அழைத்துப் பேசியாக வேண்டும். பொதுவாக 13ஐ எல்லையாகக் கொள்கிறார்கள்; அதைத் தொட்டவரை மேலும் விசாரிக்க வேண்டும். தமிழ் வடிவத்தை ஆராய்ந்த வேலூர் ஆய்வோ 9ஐயே எல்லையாகப் பரிந்துரைத்தது. தந்தையராகப் போகிறவர்களிடமும் இதைப் பயன்படுத்தலாம்; ஆனால் அதிலுள்ள அழுகை பற்றிய கேள்விக்கு ஆண்கள் எளிதில் ஆம் என்று ஒப்புக்கொள்வதில்லை என்பதால், அவர்களுக்கு எல்லையை இன்னும் தாழ்த்தியே வைக்க வேண்டும்.

வெப்பமானி இதைவிட எளியது. நியூயார்க்கில் புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 1998இல் வெளிவந்தது. 0 முதல் 10 வரை எண்ணிட்ட வெப்பமானிப் படத்தில் நோயாளி ஓர் எண்ணை வட்டமிட்டால் போதும். 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும். ஆனால் அந்த எண் அச்சத்தையும் துயரத்தையும் பணக் கவலையையும் பிரித்துச் சொல்லாது. அதனால் படத்துடன் வரும் பிரச்சினைப் பட்டியலை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளும் வழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். 6 என்று வட்டமிட்டவர் பட்டியலில் போக்குவரத்தையும் செலவையும் குறித்திருந்தால், அவர் முதலில் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை அல்ல, சமூகப் பணியாளரை.

இரண்டையும் கெடுப்பது நம் வெளிநோயாளிப் பிரிவுகளின் நெரிசல்தான். மாமியாரோ கணவரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்க, செவிலியர் கேள்விகளை உரக்கப் படித்தால், 'நல்லாத்தான் இருக்கேன்' என்பதைத் தவிர வேறு பதில் வராது. தனி அறை இல்லாவிட்டாலும், துணைக்கு வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, படிக்கத் தெரிந்தவரிடம் தாளையும் பேனாவையும் கொடுத்துவிடலாம்.

இவை நோயைக் கண்டறியும் கருவிகள் அல்ல, சல்லடைகள் மட்டுமே. மதிப்பெண் உயர்ந்தவரை அடுத்து யாரிடம் அனுப்புவது என்பதை முடிவு செய்திருக்கும் மருத்துவமனைகளுக்கு இரண்டையும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மனநலப் பிரிவு இல்லாத இடங்கள், 24 மணி நேரமும் கட்டணமின்றி இயங்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் எண்ணான 14416ஐ வினாத்தாளின் அடியிலேயே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.