நோயாளிக் கப்பல்களுக்கு எது நல்ல கரை: மட்டக்களப்பா, திருகோணமலையா?

1782 ஏப்ரல் 12ஆம் திகதி, இலங்கையின் கிழக்குக் கடலில் புரோவிடியன் தீவுக்கு அருகே பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. 12 போர்க்கப்பல்களோடு பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான், 11 கப்பல்களோடு ஆங்கிலத் தளபதி ஹியூஸ். யாருக்கும் முழு வெற்றி கிடைக்கவில்லை. ஹியூஸ் திருகோணமலைக்குள் போனார். அந்தத் துறைமுகத்தை ஆங்கிலேயர் அதே ஆண்டு சனவரியில்தான் ஒல்லாந்தரிடமிருந்து பறித்திருந்தார்கள். சுஃப்ரான் மே தொடக்கத்தில் மட்டக்களப்புக்கு வந்து, ஒரு மாதம்போல நங்கூரமிட்டுக் கிடந்தார்.

திருகோணமலை கையில் இல்லாததால் வேறு வழியின்றி இங்கே வந்தார் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். வந்த காரணம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் வந்த இடம் மட்டமான இடமா? கொழும்பில் இருந்த ஒல்லாந்த ஆளுநர் ஃபால்க்கின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஒல்லாந்தருக்கு நட்பு நாடான பிரான்சின் கப்பல்கள் வருகின்றன. தண்ணீர், அரிசி, இறைச்சி, விறகு, புளிப்பான காய்கனி, நோயாளிகள் படுக்க நிழல், எல்லாம் வேண்டும். இரண்டு துறையும் கையில் இருந்தால் எங்கே அனுப்புவது?

துறைமுகம் என்று பார்த்தால் பேச்சே இல்லை, திருகோணமலைதான். ஆழம், நாலு பக்கமும் மலை மறைப்பு, எந்தக் காற்றுக்கும் அசையாத உட்குடா. பீரங்கிக் கப்பல் கரையை ஒட்டி நிற்கலாம். முறிந்த பாய்மரத்தை மாற்றவும் அடிப்பலகையைப் பார்க்கவும் அதற்கு ஈடான இடம் கிடையாது.

மட்டக்களப்பின் குறை முகத்துவாரம். வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம், ஆனால் வாய் மணல் மூடியது. கோடையில் அந்த மணல்திட்டு எவ்வளவு உயர்ந்து நிற்கும் என்று பாலமீன்மடுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பெரிய கப்பல் வெளிக்கடலில்தான் நிற்கவேண்டும். ஒவ்வொரு பீப்பாய்த் தண்ணீரும், ஒவ்வொரு மூட்டை அரிசியும் வாவிக்குள் இருக்கும் புளியந்தீவிலிருந்து தோணியில் வாவி வழியாக வந்து, திட்டைத் தாண்டி, அலையில் ஆடி ஆடித்தான் கப்பல் ஏறவேண்டும். நோயாளியை இறக்குவதும் அப்படித்தான். எழுந்து உட்காரவே முடியாத ஒருவனை அந்தத் திட்டுக்கு மேலால் தூக்கி வருவதை நினைத்துப் பாருங்கள். இது சின்னக் குறை இல்லை.

ஆனால் மாதத்தைக் கவனிக்கவேண்டும். மே மாதத்தில் எங்களுக்குக் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று. அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். அதனால் திறந்த கடலில் நின்றாலும் கப்பல் கரையில் மோதாது. அப்புறம், மாரிப் போகம் மாசி பங்குனியில் வெட்டி, சூடு அடித்து, நெல் பட்டறைக்குப் போன காலம் அது. வருடத்தில் மட்டக்களப்பின் கை நிறைந்திருக்கும் நேரம். படுவான்கரை வயல்களும் தெற்கே சம்மாந்துறை, அக்கரைப்பற்று வரைக்கும் உள்ள வெளிகளும் ஒரு பட்டினத்தின் தேவைக்கு மிஞ்சி விளையும் பூமி. பட்டி பட்டியாக மாடும் எருமையும். வாவியில் மீனும் இறாலும். திருகோணமலைக்குத் தம்பலகாமமும் கொட்டியாரமும் உண்டு, ஆனால் துறைமுகத்தைச் சுற்றிக் காடும் காய்ச்சலும்தான். தண்ணீரும் விறகும் அங்கே குறையாது. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுவது வேறு கதை.

என் மனதில் பெரிதாக நிற்பது நோயாளிகளின் பக்கம். அந்தக் காலத்துக் கடலோடிகளைக் கொன்றது பீரங்கியைவிட, புதிய காய்கனி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய். முரசு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன பழைய காயம்கூடத் திரும்ப வாய் திறக்கும். 1747இலேயே ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் தோடம்பழமும் எலுமிச்சையும் கொடுத்து ஆறு நாளில் ஆட்களைத் தேற்றிக் காட்டியிருந்தார். ஆனாலும் ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கியது 1795இல். ஆக 1782இல் இரண்டு படைக்கும் மருந்து கரையில்தான் இருந்தது. எங்கள் வளவில் சும்மா காய்த்து விழும் தேசிக்காய், வேலியோரத்து முருங்கைக்கீரை, குளத்தடிப் பொன்னாங்காணி. பிஞ்சு மிளகாயும் தேசிப்புளியும் விட்டுப் பிசைந்த ஒரு பிடி பழஞ்சோறு, பல் ஆடுகிற மனிதனுக்கு வைத்தியசாலை தரக்கூடியதைவிடப் பெரிய மருந்து. கல்லடிப் பக்கத்து மணலில் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். தென்னை நிழலும் கடற்காற்றும் உண்டு, கொட்டில் போடக் கிடுகுக்கும் பஞ்சமில்லை.

கடலூரும் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஆனால் அங்கே மறைப்பு இல்லை, கரையில் போர் நடந்துகொண்டிருந்தது. மொரீசியசுக்குத் திரும்பி வரச்சொல்லி உத்தரவே வந்தது. சுஃப்ரான் போக மறுத்தார். போயிருந்தால் அந்த வருடப் போர் அதோடு முடிந்திருக்கும்.

யூலை 6ஆம் திகதி நாகப்பட்டினத்துக்கு வெளியே இன்னொரு சண்டை. அதற்குப் பிறகும் அவர் ஓகஸ்டில் மட்டக்களப்புக்கே வந்தார். உதவிக் கப்பல்கள் இங்கேதான் வந்து சேர்ந்தன. இங்கிருந்து கிளம்பித்தான் திருகோணமலையை மாத முடிவில் பிடித்தார். எனவே மே முதல் ஓகஸ்ட் வரை என்றால் என் தெரிவு மட்டக்களப்பு, தயக்கமே இல்லை.

வாடைக் காலத்துக்கு இந்தப் பதில் செல்லாது. ஐப்பசிக்குப் பிறகு எங்கள் கரை முன்னால் கப்பல் நிறுத்துவது தற்கொலை. அப்போது திருகோணமலை சுஃப்ரான் கையில் இருந்தது. அப்படியிருந்தும் அவர் நவம்பரில் படையின் பெரும்பகுதியோடு சுமாத்திராவின் ஆச்சே வரை போய்த் தங்கினார். இவ்வளவு நல்ல துறைமுகத்தை விட்டுவிட்டு ஏன் போனார்? சாப்பாடும் உடம்பும் அதில் பெரிய பங்கு வகித்திருக்கும் என்பது என் கணிப்பு.