அப்டேட் வந்துவிட்டது, லைன் பாதியில் இருக்கிறது: ஏற்றுவதா, காத்திருப்பதா?

400 கிலோவோல்ட் மின்கடத்தல் லைன் ஒன்றில் டவர் ஸ்பாட்டிங், அதாவது எங்கே எந்த டவர் என்று குறிக்கும் வேலை, பாதி முடிந்திருக்கும். முதல் சில கிலோமீட்டர் புரொஃபைல் (நிலமும் கம்பியும் காட்டும் பக்கவாட்டு வரைபடம்) அப்ரூவல் ஆகித் திரும்பியிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் லைன் டிசைன் மென்பொருளான பிஎல்எஸ்-கேட் புதிய பதிப்பு வரும். ஆபீஸில் உடனே இரண்டு கட்சி. "மெயின்டனன்ஸுக்குப் பணம் கட்டுகிறோமே, ஏற்ற வேண்டியதுதானே" என்று ஒன்று. "லைன் முடியட்டும் சார், இப்போது எதையும் தொட வேண்டாம்" என்று மற்றொன்று. நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன்.

உடனே ஏற்றுவதில் லாபம் இல்லாமல் இல்லை. லேசரால் நிலத்தை அளக்கும் லைடார் புள்ளிகள் கோடிக்கணக்கில் வரும் காலம் இது; பழைய பதிப்பு மூச்சு வாங்கும் இடத்தில் புதியது பெரும்பாலும் கொஞ்சம் லேசாக ஓடும். அமெரிக்காவின் மேடிசன் நகரில் பிறந்த இந்த மென்பொருளை 2022 தொடக்கத்தில் பென்ட்லி நிறுவனம் வாங்கிக்கொண்டது. பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருந்தால், சிக்கல் என்று கேட்கும்போது முதல் பதில் "அப்டேட் செய்து பாருங்கள்" என்றுதான் வரும். எந்த நிறுவனத்தின் மென்பொருளாக இருந்தாலும் இதே கதைதான்.

ஆனால் லைன் டிசைன் ஒருவர் கணினியோடு முடிகிற வேலை இல்லை. ஒருமுறை எங்கள் பக்கம் அவசரப்பட்டு ஏற்றி, கோப்பைச் சேமித்து, சர்வே குழுவுக்கு அனுப்பிவிட்டோம். அவர்களிடம் பழைய பதிப்பு. கோப்பு திறக்கவில்லை. முந்தைய வாரத்து பேக்கப்பை எடுத்து, நடுவில் நகர்த்திய ஆங்கிள் டவர்களை (லைன் திரும்பும் இடத்து டவர்களை) நினைவிலிருந்து மறுபடி நகர்த்தினோம். இரண்டு நாள் போனது. எந்த டவரை எத்தனை மீட்டர் நகர்த்தினோம் என்ற சண்டை தனி.

நிறுத்தி வைக்கும் கட்சிக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. ரிப்போர்ட்டின் தலையிலேயே பதிப்பு எண் அச்சாகிறது. ஒரே லைனின் முதல் பாதி ஒரு எண்ணிலும் மறுபாதி வேறு எண்ணிலும் இருந்தால், சரிபார்க்கிறவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். தரநிலைகளும் இதே மாதிரிதான். டவர் டிசைனுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 802-க்கு 1995 பதிப்பு உண்டு, 2015 பதிப்பு உண்டு. கம்பியின் மின்னோட்டக் கணக்குக்கான ஐஇஇஇ 738-இலும் 2012, 2023 என்று பதிப்புகள் உண்டு. மெனுவில் புதியது தெரிகிறதே என்று அதைத் தேர்ந்துவிட முடியாது. ஒப்பந்தத்தில் எந்த ஆண்டு எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

அப்புறம் மூன்றாவது வழி: அசல் பழைய பதிப்பிலேயே ஓடட்டும், நகல் ஒன்றைத் தனிக் கணினியில் புதியதில் திறந்து, கம்பியை இழுத்துக் கட்டும் இரு டவர்களுக்கு இடைப்பட்ட ஒரே ஒரு செக்‌ஷனை ஒப்பிட்டுப் பார்ப்பது. என் ஓட்டு இதற்கே. அரை நாள் வேலைதான், ஆனால் எந்த வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று கை பழகியிருக்க வேண்டும்.

மூஸ் என்ற அலுமினிய-எஃகுக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 2.004 கிலோ. கிடைமட்ட இழுவிசை 3600 கிலோ, ஸ்பான் (இரு டவர்களுக்கு இடைப்பட்ட தூரம்) 400 மீட்டர் என்றால், கையால் போடும் பரவளையக் கணக்கில் தொய்வு 11.13 மீட்டர். கம்பி தொங்கும் உண்மை வடிவமான சங்கிலி வளைவுக் கணக்கில் 11.14-க்குச் சற்று மேல். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு யாரும் தூக்கம் கெட வேண்டாம். அதே இழுவிசையில் ஆற்றைக் கடக்கும் 1000 மீட்டர் ஸ்பானைப் போட்டால் 69.58-க்கும் 70.03-க்கும் இடையே சுமார் 45 சென்டிமீட்டர் இடைவெளி விழுகிறது. 400 கிலோவோல்ட்டுக்குத் தரையிலிருந்து 8.84 மீட்டர் கிளியரன்ஸ் பார்த்துப் பழகியவருக்கு 45 சென்டிமீட்டர் சின்ன எண் கிடையாது.

இன்னும் நுட்பமான இடம் ரூலிங் ஸ்பான்: வெவ்வேறு நீள ஸ்பான்களுக்குப் பதிலாகக் கணக்கில் வைக்கும் ஒரே சமான நீளம். 300, 400, 450 மீட்டர் என மூன்று ஸ்பான் உள்ள செக்‌ஷனுக்கு ரூலிங் ஸ்பான் 398 மீட்டர். அந்த முறை மூன்றிலும் ஒரே இழுவிசை என்று வைத்துக்கொள்கிறது. கம்பி சூடேறும்போது நடப்பது வேறு. இன்சுலேட்டர் சரங்கள் நீள ஸ்பான் பக்கம் சாய்ந்து இழுவிசையைச் சமன் செய்யப் பார்க்கும், முழுக்கச் செய்யாது. அதனால் 300 மீட்டர் ஸ்பானில் ரூலிங் ஸ்பான் சொன்னதைவிடத் தொய்வு சற்று அதிகம் இருக்கும். ஒவ்வொரு ஸ்பானையும் தனித்தனியே கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறைக்கு மாறினால் இது கணக்கில் வந்துவிடும். ஆனால் பதிப்பையும் முறையையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, "புதிய வெர்ஷனில் கிளியரன்ஸ் குறைகிறது" என்று மெயில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் ரூலிங் ஸ்பானிலேயே வைத்து இரு பதிப்பு எண்களையும் பாருங்கள். அவை ஒத்துப்போன பிறகு முறையை மாற்றலாம். கம்பியின் நிலை இனிஷியலா (புதிதாகக் கட்டியதா), க்ரீப்புக்குப் பிறகா (காலப்போக்கில் மெல்ல நீண்ட பிறகா) என்பதும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் என்று வந்த புகார்களில் பாதி அங்கேதான் போய் முடிந்திருக்கிறது.

ஆக, புதிய லைன் என்றால் முதல் நாளே புதிய பதிப்பு, யோசிக்கவே வேண்டாம். பாதியில் இருக்கும் லைன் என்றால் பழையதில் முடியுங்கள்; அந்தப் பதிப்பின் இன்ஸ்டாலரையும் பேக்கப் கோப்போடு ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு டவரை நகர்த்தச் சொல்லி யாராவது வருவார்கள். அன்றைக்கு அது கைகொடுக்கும்.

இதற்கு ஒரே விதிவிலக்கு உண்டு. புதிய பதிப்போடு வரும் திருத்தப் பட்டியலை யாரும் படிப்பதில்லை, நானும் வெகுநாள் படித்ததில்லை. நீங்கள் பயன்படுத்தும் டவர் வகையிலோ காற்றுச் சுமைக் கணக்கிலோ பிழை திருத்தப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தால் காத்திருக்க இடமே இல்லை. அப்ரூவல் ஆன புரொஃபைலையும் சேர்த்தே மறுபடி ஓட்டியாக வேண்டும்.