ஃபெட், ஜியோஜீப்ரா, ஆங்கி: நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின்

இயற்பியலும் கணிதமும் கற்பிக்கும் நான் ஒரு கணினிக் கற்றல் கருவியிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: விடையைக் காட்டுவதற்கு முன் மாணவரை யோசிக்க வைக்க வேண்டும். வந்துபோன பலவற்றில் மூன்று மட்டும் இந்தச் சோதனையில் தேறி என்னிடம் தங்கியிருக்கின்றன.

நான் அதிகம் பயன்படுத்துவது ஃபெட் சிமுலேஷன்களை, அதாவது அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்துபார்க்கும் கணினி மாதிரிகளை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இலவசத் திட்டம் இது. மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே வகையான இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் இணைத்தால், முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும், மீதிதான் இரண்டாவதற்குப் போகும் என்று மாணவர்களில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். வாயால் விளக்கி இந்த நம்பிக்கையை அசைக்க முடிவதில்லை. அதனால் சுற்றைத் திரையில் அமைத்து, சுவிட்சைத் திறந்தே வைத்து, எந்தப் பல்பு கூடுதலாக ஒளிரும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்கிறேன். எல்லோரும் எழுதி முடித்த பிறகே சுவிட்சை மூடுவேன். இரண்டும் ஒரே அளவில் ஒளிர்கின்றன. அம்மீட்டரை எங்கே வைத்தாலும் அளவீடு மாறுவதில்லை. அப்போது எழும் வாக்குவாதத்தில்தான் பாடம் நடக்கிறது. எழுதாமல் வெறுமனே பார்ப்பவர்கள், "இது தெரிந்ததுதானே" என்று கடந்துவிடுகிறார்கள்.

ஆனால் திரையில் தெரிவது பழுதில்லாத உலகம். நிஜப் பல்புகள் இரண்டு, ஒரே வகையாக இருந்தாலும், சற்றே மாறுபட்டு ஒளிரலாம்; இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஆகவே அதே சுற்றைக் கையாலும் அமைக்க வைக்கிறேன். சிமுலேஷன் இருப்பதால் ஆய்வகம் வேண்டாம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

இணைய உலாவியில் அசைபடங்களை இயக்கிவந்த ஃபிளாஷ் மென்பொருள் 2020 இறுதியில் நிறுத்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த கல்விப் பக்கங்கள் ஏராளமாக முடங்கின. ஃபெட் குழு அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே தன் சிமுலேஷன்களை, உலாவியே நேரடியாக இயக்கும் எச்டிஎம்எல்5 வடிவில் மாற்றி எழுதிவந்தது. புதிய கருவி எதுவானாலும், தரவிறக்கி இணையம் இல்லாமல் இயக்க முடியுமா என்றுதான் இப்போது முதலில் பார்க்கிறேன்.

மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் வடிவியலுக்கு அருமையானது. முக்கோணத்தின் ஓர் உச்சியை இழுக்க இழுக்கச் செங்கோட்டு மையம் (மூன்று குத்துயரங்களும் சந்திக்கும் புள்ளி) நகர்கிறது: குறுங்கோண முக்கோணத்தில் உள்ளே, செங்கோண முக்கோணத்தில் உச்சியிலேயே, விரிகோண முக்கோணத்தில் வெளியே. கரும்பலகையில் இந்த நகர்வைக் காட்ட வழியில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: இழுத்துப் பார்த்ததையே நிரூபணம் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். "ஏன் எப்போதும் அப்படி?" என்ற கேள்வியை நாம்தான் விடாமல் கேட்க வேண்டும். கைபேசியின் சிறிய திரையில் புள்ளியை விரலால் பிடிப்பதும் சிரமம்.

மூன்றாவது ஆங்கி. மறக்கும் தறுவாயில் மீண்டும் கேட்கும் நினைவட்டைச் செயலி. வாய்பாடுகளுக்கும் வரையறைகளுக்கும் நன்றாக உதவுகிறது. புரியாததைப் புரிய வைக்காது. பிறர் செய்த அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்பவர்களைவிட, பாடம் முடிந்ததும் தாங்களே அட்டை எழுதுபவர்கள்தான் நீடித்துப் பயன்படுத்துகிறார்கள். பலர் பாதியில் விடுவதற்குக் காரணம் குவியும் மீள்பார்வை. நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்பது அதன் இயல்பமைப்பு. பள்ளிப் பாடங்களோடு சேர்த்துப் படிப்பவருக்கு அது அதிகம். நான் 5 ஆகக் குறைக்கச் சொல்கிறேன். தேர்வு நெருங்கும்போது புதிய அட்டைகளை அறவே நிறுத்தச் சொல்கிறேன்.