டிரிப்ஸ் கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்

குழந்தைக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் வார்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் எழுந்துபோய் ஊசி போட்ட கையையும் மறு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரல்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா? சூடு ஒரே மாதிரி இருக்கிறதா? பார்த்துவிட்டு வந்து மிச்சத்தைப் படிக்கலாம்.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது, எடை 11 கிலோ. இரண்டு நாள் விடாத வாந்தி, பேதி. கண் உள்ளே போய், அழுதாலும் கண்ணீர் வராத நிலையில்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்று சேர்த்துக்கொண்ட மருத்துவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நிலைமைக்கு டிரிப்ஸ்தான் சரி. இடது புறங்கையில் கேனுலா, அதாவது ரத்தக்குழாய்க்குள் போகும் ஊசிக்குழாய், போட்டு, கை ஆடாமலிருக்க அடியில் அட்டை வைத்து, விரல் நுனி மட்டும் தெரியும்படி வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினார்கள்.

மறுநாள் மதியமே வாந்தி நின்றுவிட்டது. பொம்மையைக் கேட்டாள். மனைவி இரண்டு ராத்திரியாகக் கண் மூடவில்லை. வீட்டில் பெரியவன் வேறு அம்மாவைக் கேட்டு அழுதுகொண்டிருந்தான். "நீ போ, இன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன்.

பதினொன்றரை மணிக்கு அழ ஆரம்பித்தாள். வயிற்று வலி என்றால் காலை மடக்கிக்கொண்டு அழுவாள், அது எனக்குத் தெரியும். இது வேறு அழுகை. கட்டுப் போட்ட கைப்பக்கம் நான் போனாலே உடம்பைத் திருப்பிக்கொண்டாள். சிஸ்டரைக் கூப்பிட்டேன். கட்டிலுக்கு அருகில் வராமல், தூரத்திலிருந்தே டிரிப்ஸை அளந்து தள்ளும் பம்பைப் பார்த்தார். "நல்லாத்தானே ஓடுது சார், அலாரம் அடிக்கலையே. அம்மாவைத் தேடுது, அவ்வளவுதான்" என்றார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நம்பினேன்.

ஒரு மணிக்கு மறுபடி போய்க் கேட்டேன். "கட்டைப் பிரிச்சா ஊசி கழண்டுடும் சார். திரும்பக் குத்தணும். குழந்தை தாங்குமா?" என்றார். வாயடைத்துப் போனேன். அந்த ஒரு ஊசி இறங்க முதல் நாள் நான்கு இடத்தில் குத்தியிருந்தார்கள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். இன்னொரு முறை அதைப் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

3:12 மணிக்கு மனைவிக்கு ஒரு போட்டோ அனுப்பினேன். கட்டுக்கு வெளியே தெரிந்த நான்கு விரல் நுனியும் மடிப்பே இல்லாமல் பளபளவென்று இருந்தன. சுண்டுவிரலை லேசாக அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். குழி அப்படியே நின்றது. பத்து மணிக்கு மாற்றிய டயாபர் அதுவரை நனையவே இல்லை. தூக்கத்தைக் கெடுத்து மாற்ற வேண்டியதில்லையே என்றுகூட ஒரு நிமிடம் நிம்மதிப்பட்டேன். மணிக்கு 42 மில்லி உள்ளே போகிற குழந்தை ஐந்து மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையே, அவ்வளவு தண்ணீரும் எங்கேதான் போகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆறரைக்கு ஷிஃப்ட் மாறியது. காலையில் வந்த சிஸ்டர் விரல்களைத் தொட்டுப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் பம்பை நிறுத்தினார், கட்டைப் பிரித்தார். என் மகளின் கை காற்றடைத்த கையுறை போல இருந்தது. முழங்கைக்கு மேல்வரை இறுகிப்போய், தொட்டால் சில்லென்று இருந்தது. ஊசியைச் சுற்றித் தோல் வெளிறியிருந்தது, ஓரத்தில் ஒரு கொப்புளம். ராத்திரி முழுக்க மருந்து ரத்தக்குழாய்க்குள் போகாமல் தோலுக்கு அடியில் இறங்கியிருக்கிறது.

பம்பை நம்பாதீர்கள். அது தள்ளுகிற இயந்திரம் மட்டுமே. குழாய் அடைத்தால், காற்று புகுந்தால், பாட்டில் தீர்ந்தால் அலாரம் அடிக்கும். ஊசி ரத்தக்குழாயிலிருந்து விலகிவிட்டால் அதற்குத் தெரியாது. சின்னக் குழந்தையின் சதை இளகியது, உள்ளே தள்ளத் தள்ள இடம் கொடுத்துக்கொண்டே போகும். வெறும் சலைன் என்றால் பெரும்பாலும் வீக்கம் தானாக வடிந்துவிடும். பொட்டாசியம், கால்சியம், அடர்த்தியான குளுக்கோஸ், வலிப்புக்குப் போடும் ஃபெனிட்டாயின் மாதிரி மருந்துகள் வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும். எங்கள் மகளின் பாட்டிலில் பொட்டாசியம் கலந்திருந்தது. பிளாஸ்டிக் சர்ஜன் வந்து பார்த்து, அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார். புண் ஆற மூன்று வாரம் ஆனது. புறங்கையில் ஒரு நாணய அளவுக்குத் தழும்பு இருக்கிறது.

சரி, ஊசி விலகுவது நல்ல மருத்துவமனையிலும் நடக்கும். குழந்தைகள் கையை ஆட்டாமல் இருக்காது. அதற்காக மட்டும் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று கேஸ் ஷீட் நகல் கேட்டேன். இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்தார்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை மணிக்கு ஒரு வரி. "42 மில்லி. ஊசி போட்ட இடம் நன்றாக உள்ளது." ஒன்பது வரியும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது என்று யாருக்கும் தெரியும். மூன்று மணி வரியிலும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. என் போனில் இருக்கும் படம் 3:12. துணிக்கட்டைப் பிரிக்காமல் அந்த இடத்தை எப்படிப் பார்த்தார்கள்?

அதோடு முடியவில்லை. அந்தக் கைப்புண்ணுக்குக் கட்டுப் போட்டது, பிளாஸ்டிக் சர்ஜன் வந்து பார்த்தது, அதற்காகக் கூடுதலாகத் தங்கிய நாட்கள் எல்லாம் எங்கள் பில்லில் இருந்தன. போட்டோவைக் காட்டிய பிறகு கழித்துக்கொள்ள ஒத்துக்கொண்டு, கையோடு ஒரு தாளை நீட்டினார்கள்: "சிகிச்சையில் எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை." மனைவி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உங்களிடமும் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ராத்திரி சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லாமலில்லை. ஆனால் அன்று 14 குழந்தைகளுக்கு அவர் ஒருவர்தான். டிரிப்ஸ் ஓடும் குழந்தையின் ஊசி இடத்தை மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று தாளில் கட்டம் போட்டுவிட்டு, பார்க்க ஆள் போடாதவர்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. காலையில் வந்த பெரிய டாக்டர் புது ஊசி போடவே இல்லை. ஓ.ஆர்.எஸ். கரைத்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு சின்ன ஸ்பூன், 5 மில்லி, அவ்வளவுதான் கொடுக்கச் சொன்னார். சாயங்காலம் டயாபர் நனைந்தது. நானும் மனைவியும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதோம். "நேற்று மதியமே வாந்தி நின்றுவிட்டதே டாக்டர், அப்போதே இதைக் கொடுத்திருக்கலாமா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சார்ட்டைப் புரட்டினார். நீரிழப்பு கடுமையாக இருந்தால் அல்லது குடித்தது எதுவும் தங்காவிட்டால்தான் டிரிப்ஸ். மற்றபடி வாய்வழியாக ஓ.ஆர்.எஸ். என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்வது. தினமும் காலை ரவுண்ட்ஸில் "இன்னும் டிரிப்ஸ் வேண்டுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நான் செய்த தவறு ஒன்று உண்டு. ராத்திரி முழுக்க "அழுகிறாள்" என்று சொன்னேனே தவிர, "கை வீங்கியிருக்கிறது, பம்பை நிறுத்திவிட்டுக் கட்டைப் பிரித்துக் காட்டுங்கள்" என்று சொல்லவில்லை. அழுகைக்கு அவர்களிடம் ஆயிரம் சமாதானம் இருக்கும். வீக்கத்தை நேரில் காட்டினால் அப்படிச் சொல்ல முடியாது. கேட்கவில்லையென்றால் டூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்; அவரும் வரவில்லையென்றால் அவருக்கு மேலே இருப்பவரை. ஊசியை நீங்களே பிடுங்க வேண்டாம். சில மருந்துகளை அதே கேனுலா வழியாக உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கழற்றுவார்கள். கட்டுப் போடும்போதே ஊசி இடம் வெளியே தெரிகிற, கண்ணாடி போன்ற பிளாஸ்டரைப் போடச் சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007இல் ரயன் சாண்டர்ஸ் என்ற, மூன்று வயதுகூட ஆகாத குழந்தை இறந்தது. பிள்ளைக்கு மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னதை மருத்துவமனை போதுமான அளவு காதில் வாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அங்கே "ரயன் விதி" வந்தது: வார்டில் சொல்லியும் கவலை தீராவிட்டால், பெற்றோரே ஒரு எண்ணுக்கு போன் செய்து வேறு மருத்துவர் வந்து பார்க்கக் கேட்கலாம். நாங்கள் இருந்த வார்டில் அப்படி ஒரு எண் இல்லை.

நிர்வாகத்துக்கு இதுவரை மூன்று கடிதம் எழுதிவிட்டோம். முதலிரண்டுக்கும் "விசாரித்து வருகிறோம்" என்று ஒரே வாசகத்தில் பதில் வந்தது. மூன்றாவதில் அந்த 3:12 மணிப் படத்தையும் மூன்று மணி வரியையும் ஒரே தாளில் அச்சடித்து இணைத்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.